ஐந்து நீதிபதிகளும் ஒரு சொற்றொடரும்

நீதிபதி சட்டத்தைச் சொல்பவரேயன்றிச் செய்பவர் அல்லர் என்பது கற்றோரிடையும் மற்றோரிடையும் நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்தாகும். சட்டம் ஆக்குவது சட்டசபையின் தொழில். அதனை நடத்துவது அமைச்சரும் அதிகாரிகளும் செய்யும் தொழில். ஆக்கப்பட்ட சட்டத்தை வழக்கிற் கண்ட செய்தியோடு பொருத்தி முடிபு கூறுவது நீதிபதியின் தொழில். குடியியற் பாடநூல்கள் இவ்வாறே கூறும். மாணவரும் இவ்வாறே எழுதிப் புள்ளிகள் பெறுவர். இது பிழையென்று கூறுதற்கில்லை. ஆயினும், உண்மை இவ்வளவே யாயின், ஒரே சட்டத்தை முன்வைத்து ஒரே வழக்கைக் கேட்ட ஐந்து நீதிபதிகளுள் நால்வர் ஒரு முடிபும், ஒருவர் அதற்கு நேர்மாறான முடிபும் கூறுதல் எங்ஙனம்? நால்வர் கற்ற நூல்களையே அவ்வொருவரும் கற்றவர். அவர்கள் கேட்ட வாதங்களையே அவரும் கேட்டவர். இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு, 'தகுந்த காரணம்' என்னும் ஒரு சிறு சொற்றொடர் சென்ற நூற்றாண்டிலே பல நாட்டு நீதிமன்றங்களிற் பட்ட பாட்டினை ஈண்டு எடுத்துரைப்பாம்.

அதற்கு முன்னர் ஒன்று கூறுதல் வேண்டும். தீர்ப்பு என்பது இரு கூறுடையது. நிகழ்ந்தது யாது என அறிதல் ஒன்று. அதற்குச் சட்டம் கூறுவது யாது எனத் துணிதல் மற்றொன்று. முன்னையதற்கு நம்மவர்க்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு, பெரியபுராணத்திலே சேக்கிழார் விரித்துரைக்கும் திருவெண்ணெய்நல்லூர் அவையாகும். மணக்கோலத்தோடு நின்ற சுந்தரரைத் தம் வழியடிமை என்று முதிய வேதியர் ஒருவர் வழக்கிடுகின்றார். அவையோர் அவரிடம் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூவகைச் சான்றுகளையும் வினவுகின்றனர். சுந்தரர் கிழித்தது படியோலையே என்றும் மூலவோலை தம்மிடம் உள்ளதென்றும் முதியவர் கூற, அவ்வோலையை வாங்கிப் படிப்பிக்கின்றனர். சாட்சியிட்டோர் தம் எழுத்தைத் தாமே பார்த்து ஒப்புகின்றனர். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் கொணர்வித்து எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்குகின்றனர். அதன் பின்னரே சுந்தரர் தோற்றார் என்ற முடிபு வருகின்றது. வழக்காடுவோர் இருவருள் ஒருவர் இறைவனே என்பதனை அவ்வவையோர் அறியார். அறிந்திருப்பினும் சான்று கேளாது விட்டிருத்தல் ஆகாது. இன்றைய நீதிமன்றங்களும் நிகழ்ச்சியை அறியும் வகையில் இதனின் மிகுதியாக ஒன்றும் செய்வதில்லை.

அதே அவையில் இன்னொரு வினாவும் எழுந்தமையைப் பலரும் கவனிப்பதில்லை. அந்தணர் ஒருவர் பிறிதோர் அந்தணர்க்கு அடிமையாகும் வழக்கம் உலகில் இல்லையே என்று அவையோர் முதலிற் கேட்கின்றனர். இது நிகழ்ச்சி பற்றிய ஐயமன்று; சட்டம் பற்றிய ஐயம். முன்வழக்கம் இல்லாதவிடத்து இசைந்து எழுதிய ஓலை பிணிக்குமா, பிணிக்காதா? இத்தகைய வினாவிற்கு ஓலையை ஒப்புநோக்குவதால் விடை கிடையாது. நீதிபதியின் உண்மையான இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது.

இனி, நம் நாட்டிலிருந்தே தொடங்குவாம். 1936 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து மாத்தளைப் பகுதியிலே தேயிலைத் தோட்டமொன்றிற் சின்னத்துரையாகத் தொழில் பழகியவர் மார்க் அன்ரனி பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளை இளைஞர். அவர் தோட்டத் தொழிலாளர் பக்கஞ் சார்ந்தார். லங்கா சமசமாசக் கட்சியிற் சேர்ந்து மேடையேறிப் பேசினார். துரைமார் பொறுப்பரா? 1937 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே தேசாதிபதி சேர் றெஜினோல்ட் ஸ்ரப்ஸ் அவரை நாட்டினின்றும் நீங்குமாறு கட்டளையிட்டார். அவர் நீங்காது மறைந்திருந்து, பின்னர்ப் பிடிபட்டார். ஆட்கொணர் எழுத்தாணை வேண்டி உயர் நீதிமன்றத்திலே மனுச் செய்யப்பட்டது. புகழ்பெற்ற நியாயதுரந்தரர் எச். வி. பெரேரா அவருக்காக வாதாடினார்.

தேசாதிபதி தமக்கு ஆதாரமாகக் காட்டியது 1896 ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறப்பிக்கப்பட்ட அரச கட்டளையொன்று. அதன் ஒரு வாசகத்தைத் தனியே எடுத்துப் படிப்பின், எவரையும் எக்காலத்தும் நாடு கடத்தும் அதிகாரம் தேசாதிபதிக்கு உண்டு என்றே தோன்றும். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்சும் உடனமர்ந்த நீதியரசர் இருவரும் அவ்வாறு தனியே எடுத்துப் படிக்க மறுத்தனர். கட்டளை முழுவதும் போர் முதலிய பேரிடர்க் காலத்துக்கென எழுந்தது. அத்தகைய இடர் இல்லாத அமைதிக் காலத்திலே தமக்கு விருப்பமில்லாத பேச்சுப் பேசிய ஒருவனை வெளியேற்ற அதனைப் பயன்படுத்தல் ஆகாது என்பது அவர்கள் துணிபு. 1937 மே மாதத்திலே பிரேஸ்கேர்டில் விடுதலையானார். பிரதம நீதியரசர் இளமையிலே ஒலிம்பிக் பந்தயங்களில் நீளம் பாய்ந்தவர்; 1924 ஆம் ஆண்டில் நூறு மீற்றர் ஓட்டத்தில் முதல்வராக வந்த ஹரோல்ட் ஏபிரகாம்ஸ் அவர்தம் தம்பியாவார். விளையாட்டும் கல்வியும் ஒருங்கு செல்லா என்பார் இதனை நினைவிற் கொள்க.

அத்தீர்ப்பிலே பிரதம நீதியரசர் துணையாகக் கொண்டது, 1931 ஆம் ஆண்டில் பிரிவி கவுன்சில் எனப்படும் கோமறைக் கழகம் தீர்த்த நைஜீரிய வழக்கொன்றாகும். லாகோஸ் நகரத்து மரபுவழித் தலைவராகிய எலேக்கோ என்பாரைக் குடியேற்றநாட்டு அரசாங்கம் பதவி நீக்கி நாடு கடத்தியது. ஆட்சியாளர் எவரும் ஒரு குடிமகனின் உரிமையிலோ உடைமையிலோ கைவைப்பராயின், தம் செயல் சட்டத்துக்கு ஏற்றதென்பதை நீதிமன்றத்தின் முன் நாட்டக் கடமைப்பட்டவர் என்றும், அதனை ஆராய்ந்து முடிபு கூற நீதிபதிகள் பின்வாங்கலாகாது என்றும் அவ்வழக்கிலே கூறப்பட்டது. கூறியவர் அற்கின் பிரபு. இலாகோசிற் பிறந்த வழக்கு இலண்டனில் தீர்ந்து, கொழும்பிலே ஒருவருக்குச் சிறைக்கதவு திறந்தது. முன்தீர்ப்பு என்பதன் ஆற்றல் இத்தகையது.

அற்கின் பிரபு 1867 ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியாவிற் பிறந்து வேல்சு நாட்டில் வளர்ந்தவர். சட்டம் பயிலும் மாணவர் அவரை முதலில் அறிவது ஒரு நத்தையின் வாயிலாகவே. ஸ்கொத்லாந்திலே பேயிஸ்லி என்னும் ஊரில், 1928 ஆம் ஆண்டில், ஒரு பெண்மணி தம் தோழி வாங்கித் தந்த இஞ்சிப்பானத்தைப் பருகியபோது புட்டியினின்றும் அழுகிய நத்தை வந்து வீழ்ந்ததாக வழக்கிட்டார். பானத்தை விலைக்கு வாங்கியவர் தோழி. ஆகவே பருகியவர்க்கும் கடைக்காரர்க்கும் ஒப்பந்தமில்லை. பானஞ் செய்தவர்க்கோ இருவரோடும் ஒப்பந்தமில்லை. அவரிடம் நட்டஈடு கேட்பதற்குத் தெளிவான விதியொன்றும் அன்று இருக்கவில்லை. 1932 ஆம் ஆண்டிலே பிரபுக்கள் சபையில் மூவர் ஒருபாலும் இருவர் மறுபாலும் ஆயினர். அற்கின் பிரபு, 'அயலானை நேசி' என்னும் விவிலியக் கட்டளையிலிருந்து தொடங்கி, சட்டத்தின் கண்ணில் அயலான் யார் என்று வினவி, எம் செயலால் ஊறு நேரக்கூடும் என முன்னுணரத்தக்க அணிமையிலுள்ளோர் யாவரும் அயலாரே என விடை கூறினார். கவலையீனத்தால் விளையும் ஊறு பற்றி இன்று ஆங்கிலச் சட்டம் வழங்கும் நாடுகளெங்கும் உள்ள நெறி அத்தீர்ப்பின் மேல் எழுந்ததேயாகும். இதனைச் 'சொன்னார்' என்பதா, 'செய்தார்' என்பதா?

றீட் பிரபு என்னும் பிற்காலத்துப் பெரும் நீதிபதி, 1972 இல் வெளிவந்த சொற்பொழிவொன்றிலே இவ்வினாவை நகைச்சுவையோடு எடுத்தாண்டார். பொதுச்சட்டம் முழுவதும் அலாவுதீனின் குகையில் ஒளிந்திருப்பதாகவும், பதவியேற்ற அன்றே அதனைத் திறக்கும் மந்திரச்சொல் நீதிபதிக்குத் தெரிந்துவிடுவதாகவும் கருதியோர் உளர் என்றும், அக்கட்டுக்கதையை இன்று நம்புவார் இல்லை என்றும் அவர் கூறினார். மந்திரச்சொல்லால் திறந்தது அலிபாபா புகுந்த குகையேயன்றி அலாவுதீனுடையது அன்று என்று எம் கீழ்வகுப்பு மாணவரும் திருத்துவர். அது நிற்க.

இனி நாம் எடுத்துக்கொண்ட சொற்றொடருக்கு வருவாம். 1939 ஆம் ஆண்டு செப்தெம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. பிரித்தானியாவிலே பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் பிறந்தன. பகைவரோடு தொடர்புடையார் எனக் கருதப்படுவோரை விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரத்தை உள்நாட்டமைச்சருக்கு அளித்தது அவற்றுள் 18 பி என்னும் விதி. அவ்விதி முதலில், அமைச்சர் 'மனநிறைவு கொள்வாராயின்' காவலில் வைக்கலாம் என்று இருந்தது. பாராளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. அதன் பயனாக அவ்வாண்டு முடியுமுன்னரே வாசகம் மாற்றப்பட்டு, 'நம்புதற்குத் தகுந்த காரணம் உடையராயின்' என்று ஆயிற்று. அதிகாரத்துக்கு ஒரு வேலி வேண்டுமென்று கேட்டோர்க்குக் கிடைத்த வேலி அச்சொற்றொடரே.

றொபேட் லிவர்சிட்ஜ் என்பவர் 1940 ஆம் ஆண்டிலே அவ்விதிப்படி இலண்டன் பிறிக்ஸ்ரன் சிறையில் அடைக்கப்பட்டார். கட்டளையிற் கையொப்பமிட்டவர் அன்றைய உள்நாட்டமைச்சர் சேர் ஜோன் அண்டர்சன். லிவர்சிட்ஜ் தம்மைச் சட்டமுறையின்றிச் சிறைவைத்தனர் என அமைச்சர் மீது வழக்கிட்டு, உமக்கிருந்த தகுந்த காரணம் யாது, அதன் விவரங்களைத் தருக எனக் கேட்டார். தரவேண்டுவதில்லை என்றார் அமைச்சர். வழக்கு முழுவதும் இதனுள் அடங்கியது. வேலி மெய்யானதா, படமாக எழுதியதா என்பதே வினா.

1941 ஆம் ஆண்டு நவெம்பர் 3 ஆந் திகதி பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. மோம் பிரபு, மக்மிலன் பிரபு, றைற் பிரபு, றோமர் பிரபு ஆகிய நால்வரும் அமைச்சர் பக்கம் நின்றனர். தமக்குத் தகுந்த காரணம் உண்டென்று அமைச்சர் நேர்மையாக எண்ணினால் அதுவே போதும். அக்காரணம் தகுந்ததுதானா என நீதிமன்று ஆராய்தல் விதியின் கருத்தன்று என்றனர். இவர்களை அச்சத்தாலோ அரசுக்கு இச்சகம் பேசும் விருப்பாலோ இவ்வாறு தீர்த்தனர் எனக் கூறுதல் நேர்மையாகாது. அவர்கள் காட்டிய காரணங்கள் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. பிரான்சு வீழ்ந்து ஓராண்டுக்கு மேலாகியும் பகைவர் கடல்கடந்து வருவர் என்ற அச்சம் நீங்காத காலம் அது. ஒற்றர் கொணர்ந்த செய்தியை அவையின் முன் வைத்தல் ஒற்றரைக் காட்டிக்கொடுத்தலாகும். செய்தி முழுவதையும் காணாத நீதிபதி, கண்ட அமைச்சரின் துணிபை எங்ஙனம் அளப்பார்? மேலும், அமைச்சர் பாராளுமன்றத்துக்குப் பொறுப்புடையவர்; காவலில் உள்ளோர் முறையிட ஆலோசனைக் குழுவொன்றும் அமைக்கப்பட்டிருந்தது. இவையனைத்தையும் ஒருங்கு நோக்கினால் அச்சொற்றொடருக்கு நாம் கூறும் பொருளே பொருந்தும் என்பது அவர்தம் கொள்கை.

அற்கின் பிரபு தனித்து நின்றார். அவர் வாதம் உரிமை பற்றிய முழக்கமாகத் தொடங்கவில்லை. இலக்கண ஆசிரியன் சொற்பொருள் காணுமாறே தொடங்கியது. 'தகுந்த காரணம் உடையர்' என்பது பழைய ஆங்கிலச் சட்டத்திலே நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக வழங்குவது. பொலிசார் ஒருவர் தகுந்த காரணமுடையராயின் ஒருவனைக் கைதுசெய்யலாம் என்றால், காரணம் உண்மையில் இருத்தல் வேண்டும். உண்டென்று அவர் எண்ணுதல் போதாது என்பதே யாண்டும் கொள்ளப்பட்ட பொருள். அதே ஒழுங்குவிதிகளிலே, அமைச்சரின் எண்ணமே போதுமென்று கருதிய இடங்களில் 'மனநிறைவு கொள்வாராயின்' என்று வேறு சொல் இடப்பட்டிருக்கின்றது. இரு வேறு சொற்கள் இரு வேறு பொருள் தருதற்கன்றோ இடப்படுவன? ஒருவனுக்குக் கணைக்கால் முறிந்திருப்பின் என்பதும், முறிந்ததாக அவன் எண்ணுவானாயின் என்பதும் ஒன்றாமோ என்று அவர் கேட்டார். சொல்லுக்குத் தான் விரும்பிய பொருளே பொருள் என்று சாதிக்கும் ஹம்ரி டம்ரி என்னும் முட்டை மனிதனை, லூயிஸ் கரோலின் சிறுவர் கதையிலிருந்து எடுத்து அவையின் முன் நிறுத்தினார். ஆட்சியாளரினும் ஆட்சியாளர் மனப்பான்மை மிக்க நீதிபதிகளைத் தாம் அச்சத்தோடு காண்பதாகவும், படைக்கலங்கள் மோதும் ஒலியிடையும் இந்நாட்டிற் சட்டம் வாய் மூடியிருப்பதில்லை என்றும் கூறினார்.

தீர்ப்பு வெளிவருமுன்னரே இச்சொற்கள் கலக்கத்தை விளைத்தன. பிரபுக்களின் தலைவராயிருந்த சைமன் பிரபு, முட்டை மனிதன் பற்றிய பகுதியையாவது நீக்கலாகாதா என்று கடிதம் எழுதினார், அற்கின் இணங்கவில்லை. தீர்ப்பின் பின் மோம் பிரபு 'ரைம்ஸ்' பத்திரிகைக்கே கடிதம் எழுதித் தம் மனக்குறையை வெளியிட்டார். நீதிபதி ஒருவர் உடனமர்ந்தவரின் தீர்ப்பைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதுதல் அரிதினும் அரிது.

அற்கின் பிரபுவை அரசுக்கு எதிரி என்று எண்ணிவிடலாகாது. லிவர்சிட்ஜ் வழக்கோடு சேர்த்து, பென் கிறீன் என்னும் இன்னொருவரின் வழக்கும் அன்றே தீர்க்கப்பட்டது. அவ்வழக்கில் அமைச்சர் தம் காரணங்களைச் சத்தியக் கடதாசி வாயிலாக நீதிமன்றத்துக்குக் கூறியிருந்தார். அதிலே அற்கினும் மற்றை நால்வரோடு ஒன்றுபட்டுக் கிறீனின் மேன்முறையீட்டைத் தள்ளினார். ஆகவே, காவலில் வைத்தலாகாது என்பதன்று அவர் கூறியது. வைத்தவர் காரணம் கூறல் வேண்டும் என்பதே.

இங்கே நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. 1932 இல் எழுதாத சட்டத்தைத் துணிந்து விரித்தவர் அற்கின்; 1941 இல் எழுதிய சொல்லை இம்மியும் பிசகாது பற்றிநின்றவரும் அவரே. ஒருகால் சட்டம் செய்பவராகவும் ஒருகால் சொல்பவராகவும் தோன்றுகின்றார். இது முரண்பாடா? அன்று என்பதே எம் கருத்து. நத்தை வழக்கில் எதிரெதிர் நின்றோர் இருவரும் தனியாட்கள். எவரும் தீர்க்காது விட்ட இடைவெளியை நிரப்புதல் நீதிமன்றின் பழைய தொழில். லிவர்சிட்ஜ் வழக்கில் எதிர்நின்றது ஆட்சி. பாராளுமன்றம் கேட்டுப் பெற்ற சொல்லை ஆட்சியின் வசதிக்காகத் தளர்த்துதலே அங்கு 'செய்தல்' ஆகும். நால்வருக்கும் ஒருவருக்கும் இடையிலிருந்த வேற்றுமை அகராதி பற்றியதன்று. தாம் அமர்ந்த இருக்கை எதற்காக இடப்பட்டது என்பது பற்றியது. போர்க்காலத்திலே நாட்டின் சுமையைச் சுமப்போருள் தாமும் ஒரு பகுதி என நால்வரும் உணர்ந்தனர். குடிமகனுக்கும் ஆட்சிக்கும் இடையே நிற்பவர் தாம் என ஒருவர் உணர்ந்தார். அவ்வுணர்வு முன்னே நிற்க, சொல்லின் பொருள் பின்னே வந்தது. சட்டநூல் ஐவர்க்கும் ஒன்றே. இருக்கை பற்றிய எண்ணம் ஒன்றன்று.

அங்ஙனமாயின் நீதிபதி தம் மனம்போனவாறு தீர்ப்பவர்தாமோ என்று வினவுவார் உளர். அல்லர். அவரைப் பிணிக்கும் கட்டு ஒன்றுண்டு; அது காரணம் கூறல். அமைச்சர் 'கூறேன்' என்று இருந்துவிடலாம். நீதிபதி இருத்தல் இயலாது. நால்வரும் தம் முடிபுக்கு ஏதுக்களை நிரல்பட எழுதியமையாலேயே பின்வந்தோர் அவ்வேதுக்களை நிறுத்துப் பார்த்துக் குறை கூற முடிந்தது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொற்கொல்லன் ஒருவனின் சொற்கேட்டுக் கட்டளையிட்டபோது எவர்க்கும் காரணம் கூறவில்லை; கோவலன் பக்கத்தைக் கேட்கவும் இல்லை. சிலம்பை உடைத்து மாணிக்கமா முத்தா என்று பார்த்த ஆராய்ச்சி, தலை வீழ்ந்த பின்னர் நடந்தது.

லிவர்சிட்ஜ் தீர்ப்பின் வலிமையை முதலில் தளர்த்தியது இலங்கையிலிருந்து சென்ற ஒரு வழக்கு என்பதை நம்மவருட் பலர் அறியார். போர்க்காலத்திலே புடைவைக்குக் கூப்பன் வழங்கிய நாள்களை முதியோர் சொல்லக் கேட்டிருப்போம். 1945 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியொன்று, வியாபாரி ஒருவர் தகுதியற்றவர் என நம்புதற்குத் 'தகுந்த காரணங்கள்' இருப்பின் அவருடைய அனுமதிப் பத்திரத்தை நீக்கும் அதிகாரத்தைப் புடைவைக் கட்டுப்பாட்டதிகாரிக்கு அளித்தது. நக்குடா அலி என்னும் வியாபாரியின் பத்திரம் அவ்வாறு நீக்கப்பட்டது. வழக்கு கோமறைக் கழகம் வரை சென்றது. 1950 ஆம் ஆண்டில் றட்கிளிவ் பிரபு, அச்சொற்றொடருக்கு அதன் இயல்பான பொருளே உரியது. காரணங்கள் உண்மையில் இருத்தல் வேண்டும். லிவர்சிட்ஜ் தீர்ப்பு அவ்வழக்கின் சூழ்நிலைக்கு உரியதேயன்றி எங்கும் பரவுவதன்று என்றார். அற்கின் பிரபு மறைந்து அப்போது ஆறாண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் நக்குடா அலி பத்திரத்தைத் திரும்பப் பெறவில்லை. அதிகாரி நீதிமுறை சார்ந்த கடமை செய்பவர் அல்லராதலின் அவர் கட்டளையை எழுத்தாணையால் நீக்கல் இயலாது என்று அக்கழகமே வேறோர் ஏது கூறி வழக்கைத் தள்ளியது. சொற்பொருள் வென்றது, வியாபாரி தோற்றார்! அப்பிற்பகுதியும் 1963 ஆம் ஆண்டிலே வேறொரு வழக்கிற் பிரபுக்கள் சபையாற் கண்டிக்கப்பட்டது. அவ்வமயம் றீட் பிரபு லிவர்சிட்ஜ் தீர்ப்பை மிகவும் விசித்திரமானதொன்று எனக் குறிப்பிட்டார்.

அச்சொற்றொடரின் உறவினர் பின்னரும் இந்நாட்டுச் சட்டநூலிற் குடிபுகுந்தனர். 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு, 'நம்பவோ ஐயுறவோ காரணம்' அமைச்சருக்கு இருப்பின் ஒருவரைத் தடுத்து வைக்கக் கட்டளையிடலாம் என்றது. 10 ஆம் பிரிவு, அக்கட்டளை முடிந்த முடிபென்றும் எந்நீதிமன்றிலும் வினவப்படலாகாதென்றும் மேலும் ஒரு பூட்டிட்டு இயற்றப்பட்டது. 1941 இல் நால்வர் விளக்கத்தால் செய்ததனை இங்கே சட்டசபை சொல்லாலேயே செய்தது எனலாம். எம் வடபகுதியில் எத்தனை வீடுகளில் அப்பிரிவின் இலக்கம் தெரிந்திருந்தது என்பதை எழுதிக் காட்ட வேண்டுவதில்லை.

நீதிபதிகள் தம் இருக்கை பற்றித் தாமே ஐயுற்ற செய்தியொன்றும் நம் நாட்டில் உண்டு. 1962 ஆம் ஆண்டு சனவரியில் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தனர் எனச் சிலர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. அவர்களைத் தண்டித்தற்கென்றே பின்னோக்கிச் செல்லும் சட்டமொன்று பிறந்தது. யூரிமார் இன்றி மூன்று நீதிபதிகள் விசாரிப்பர் என்றும், அம்மூவரையும் நீதி அமைச்சரே பெயர் குறித்து அமர்த்துவார் என்றும் அது கூறிற்று. அமர்த்தப்பட்டோர் நீதியரசர்கள் ரி. எஸ். பெர்னாண்டோ, எல். பி. டி சில்வா, பொ. ஸ்ரீஸ்கந்தராசா ஆகியோர். அவர்கள் முதன்முதல் எடுத்துக்கொண்ட வினா, எதிரிகள் குற்றவாளிகளா என்பதன்று. தாம் அங்கு அமரத் தகுதியுடையரா என்பது. நீதிபதியைத் தெரிதல் ஆட்சியாளர்க்கு உரியதன்று. அவ்வாறு தெரியப்பட்ட அவையில் நீதி நடப்பினும் நடந்ததாக உலகு காணாது என்று துணிந்து, தமக்கு அதிகாரமில்லை எனத் தாமே தீர்த்து எழுந்து சென்றனர். பின்னர்ச் சட்டம் திருத்தப்பட்டது. வேறு நீதிபதிகள் விசாரித்துப் பதினொருவரைக் குற்றவாளிகள் எனக் கண்டனர். 1965 ஆம் ஆண்டு திசெம்பரிலே கோமறைக் கழகம், குறித்த சிலரைத் தண்டித்தற்கென இயற்றிய அச்சட்டம் நீதித்துறைக்கே உரிய அதிகாரத்தைப் பறிப்பதாகும் என்று கூறி அனைவரையும் விடுவித்தது. அக்கழகத்துக்கு இலங்கையிலிருந்து முறையிடும் வழி 1971 ஆம் ஆண்டோடு அடைபட்டது.

இலண்டனில் ஐவர் அமர்ந்த அக்காட்சி, முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் டில்லியில் மீண்டும் நிகழ்ந்ததெனலாம். 1975 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே இந்தியாவில் அவசரகால நிலை சாற்றப்பட்டது. எதிர்க்கட்சியினர் பல்லாயிரவர் விசாரணையின்றிச் சிறை புகுந்தனர். உயிர்க்கும் உரிமைக்கும் காப்பளிக்கும் அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரையைக் கொண்டு நீதிமன்றம் செல்லும் வழி சனாதிபதியின் கட்டளையால் நிறுத்தப்பட்டது. ஆயினும் ஒன்பது மேல்நீதிமன்றங்கள் மனுக்களை ஏற்று ஆராய முற்பட்டன. அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. வாதத்தின்போது, பொலிசார் ஒருவர் பகைமையால் ஒருவனைக் கொன்றுவிடின் அப்போதும் நீதிமன்றம் செய்வது ஒன்றுமில்லையா என்று நீதியரசர் எச். ஆர். கன்னா வினவினார். அவசரநிலை நிலவும் வரையில் ஒன்றுமில்லை என்ற கருத்துப்பட விடையிறுத்தார் அரசின் தலைமை வழக்கறிஞர். 1976 ஆம் ஆண்டு ஏப்பிரில் 28 ஆந் திகதி நால்வர் அரசின் பக்கம் தீர்த்தனர். கன்னா ஒருவரே மாறுபட்டார். லிவர்சிட்ஜ் வழக்கும் அற்கினின் மாறுபாடும் அங்கும் எடுத்துப் பேசப்பட்டன. மாறுபட்ட தீர்ப்பு என்பது பிற்காலத்து அறிவை நோக்கிச் செய்யும் முறையீடு என்னும் அமெரிக்க நீதிபதியொருவரின் கருத்தைக் கன்னா தம் தீர்ப்பின் முடிவில் நினைவுகூர்ந்தார். 1977 சனவரியில் பிரதம நீதியரசர் பதவி முதுமை முறைப்படி அவரை அடையவேண்டியிருந்தது. அவரைத் தாண்டி நால்வருள் ஒருவராகிய எம். எச். பெக் அமர்த்தப்பட்டார். கன்னா பதவி துறந்தார்.

முறையீடுகள் இரண்டும் காலந்தாழ்த்தேனும் கேட்கப்பட்டன. 1979 ஆம் ஆண்டிலே பிரபுக்கள் சபையிலே டிப்ளொக் பிரபு, 1941 இல் பெரும்பான்மையோர் தீர்த்தது, அக்காலத்தை நோக்க மன்னிக்கத்தக்கதாயினும், பிழையே என்றும், அற்கின் கூறியதே சரி என்றும் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் காலம் வந்துவிட்டது என்றார். டில்லித் தீர்ப்பில் நால்வருள் ஒருவராகிய பி. என். பகவதி, 2011 ஆம் ஆண்டில் அது பிழையெனத் தாமே கூறி வருந்தினார். 2017 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 24 ஆந் திகதி ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தீர்ப்பை நீக்கியது. அதனை நீக்கும் வாசகத்தை எழுதியவர் நீதியரசர் டி. வை. சந்திரசூட், 1976 இல் தீர்த்த நால்வருள் ஒருவராகிய வை. வி. சந்திரசூட் அவர்தம் தந்தையார். தந்தையின் தீர்ப்பைக் கடிய பிழையென மகன் எழுதினார். அற்கின் பிரபு 1944 ஆம் ஆண்டிலும் கன்னா 2008 ஆம் ஆண்டிலும் காலமாயினராதலின், தம் முறையீடு கேட்கப்பட்டதை இருவரும் கண்டிலர்.